ஊதிக் காட்டிய இரவு

ஃபஹாஹீலில், கடற்கரைச் சாலை திரும்புகிற இடத்தில்
வண்டியை நிறுத்தி இறங்கிய போலீஸ்காரன்
பத்தாக்காவில் என் பெயரைத் தப்பாகப் படித்தான்:
கனசிலன்.
குடிக்க வழியில்லாத நாட்டில்
குடித்திருக்கிறாய் என்றான்.
வெள்ளைக்கோட்டின் மேல் நடக்கச் சொன்னான்.
நான்கு அடி. ஐந்தாவதில் கோடு விலகிப் போனது.
தப்பு கோட்டின் மேல்தான் என்று
அப்போதும் நினைத்தேன்.

ஊதினேன்.
பூஜ்யம்.
கருவியைத் தட்டிவிட்டு மறுபடியும். பூஜ்யம்.

பதினோரு வருடம் டவர் கிரேன்.
காற்று சுமையை எந்தப் பக்கம் இழுக்கிறதோ
அந்தப் பக்கமே ஒரு நூல் நகர்ந்து
ஆட்டத்தை ஆட்டத்தால் அடக்குகிறவன்.
சிறுமூளையிலும் அதே வேலைக்கு
ஓர் ஆபரேட்டர் உண்டாம்.
அவன்தான் ஏணியில் இறங்கிக்கொண்டிருக்கிறான்.

டாக்டர் ஹனான் மருந்துச்சீட்டின் பின்பக்கம்
இரண்டு உருண்டை வரைந்தார்.
ஒரு புரதம். அதன் கூட்டாளி.
மரபணு ஒரே மூன்றெழுத்தைத்
திக்கித் திக்கி ஐம்பத்திரண்டு தடவை சொன்னதில்
முதல் உருண்டைக்கு வால் நீண்டுவிட்டது.
புது எதிரி யாருமில்லை, என்றார்.
எப்போதும் பிடிக்கிற கையைத்தான் பிடிக்கிறது.
விடவேண்டிய நேரத்தில் விடுவதில்லை.
மூன்றாவதாக ஒருவன் வந்து
அதைக் கரையவிடாமல், குப்பைக்குப் போகவிடாமல்
பொத்தி வைக்கிறான்.

இது எனக்குப் புரிந்தது.
பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருந்த
என் முதல் கஃபீல்.

வீட்டில் வேறு யாருக்காவது?

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வருவார்.
பேச்சு குழறும்.
தெரு அவருக்கு ஒரு பெயர் வைத்திருந்தது.
தொட்டதே இல்லைடா என்று
அவர் என் தலையிலடித்துச் சத்தியம் செய்த அன்று
வாயை முகர்ந்து பார்த்தவன் நான்.
வாடையே இல்லை.
வோட்காவாக இருக்கும் என்றேன் அம்மாவிடம்.

அந்தக் கருவி காட்டிய எண்ணை
இனி யாருக்கு அனுப்ப?

அப்பன் வழியில் இறங்கும்போது
வால் இன்னும் நீளலாம், சீக்கிரமே வரலாம்
என்று எழுதிக் கொடுத்த சீட்டு
சட்டைப்பையோடு சலவைக்குப் போய்க் கூழாகிவிட்டது.
சொன்னது ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை.
கீழ்க்கட்டிலுக்கு மாறியாயிற்று.
வீடியோவில் யாழ்மொழி, ஆறாம் வகுப்பு:
'போனை ஆட்டாதப்பா, மூஞ்சியே தெரியல.'

அவள் பக்கமும்தான் படம் ஆடுகிறது.

நெட்வொர்க் சரியில்லம்மா, என்றேன்.