வழிவிடும் கலம்

இரவு இரண்டு பத்து.
தூத்துக்குடியில் கரியை இறக்கிவிட்டு
வெறும் வயிற்றோடு தென்மேற்கே போகிறது எங்கள் கப்பல்.
வலப்பக்கம், பதினோரு மைலில், உவரி.
கப்பல் மாதா கோயில் விளக்கு இவ்வளவு தூரத்துக்குத் தெரியாது.
ஆனால் செல்போனில் ஒரு கோடு டவர் முளைத்து
முந்தாநாள் அனுப்பிய குரல் ஒன்று இப்போதுதான் வந்து இறங்குகிறது:
'ஏலே ரெமிஜியுஸ், கொடியேத்துக்கு வருவியா மாட்டியா?'

முன்னால் ஒரு புள்ளி.
வெள்ளை. அலை தூக்கினால் உண்டு, இறக்கினால் இல்லை.

வெள்ளைக்கு மேலே சிவப்பு கேட்கிறது சட்டம்.
வலை போட்டிருக்கிறேன், விலக முடியாது என்று அதற்குப் பொருள்.
சிவப்பு இல்லை.
எங்கள் கரையில் சிவப்பு விளக்கு வாங்கிய ஒருத்தனையும்
நான் பார்த்ததில்லை. ஆகவே
அது வலைதான் என்று எனக்குத் தெரிந்தது.

திசைமானியில் கண் வைத்தேன்.
இருநூற்று முப்பத்தொன்று.
நான்கு நிமிடம் கழித்தும்
இருநூற்று முப்பத்தொன்று.
திசை மாறாமல் தூரம் மட்டும் குறைந்தால் மோதல்,
சென்னையில் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன்.
ஊரில் சொல்வது:
'ஒருத்தன் ஒன் கண்ணுக்குள்ளயே நிக்கான்னா
ஒங்கிட்டதாம்ல வாரான்.'

உரிமை யாருக்கோ அவன் அசையக் கூடாது.
போகிற வழியை, போகிற வேகத்தை மாற்றாமல்
எதிராளி விலகுவான் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டும்.
விசுவாசத்துக்கு இவ்வளவு கடுமையான கட்டளை
எங்கள் பங்குச் சாமியாரும் போட்டதில்லை.

இடப்பக்கம் எங்களை முந்திக்கொண்டிருந்தது ஒரு எண்ணெய்க் கப்பல்.
எனவே வலம்.
விலகுவதை அடுத்தவன் கண்ணுக்குத் தெரியும்படி விலகு, அதுவும் விதி.
முப்பது பாகை என்றேன்.
சுக்கான் பிடித்திருந்த பிலிப்பினோ பையன்
சொன்னதைத் திருப்பிச் சொல்லித் திருப்பினான்.
புள்ளி இடது கண்ணாடிக்கு வழுக்கிப் போய்
முக்கால் மைலில் ஒரு டார்ச் ஆனது.
ஆடியது. மறுபடியும் ஆடியது. நிற்காமல் ஆடியது.
நன்றி சொல்கிறான் என்று நினைத்தேன்.

பதிவேட்டில்:
02:24. மீன்பிடிப் படகு. வலப்பக்கம் விலகி, பத்திரமாகக் கடந்தது.

லீவில், ஏலக்கூடத்தில்,
சீலா வாங்க வந்தவர்களுக்கும் வாங்காமல் நின்றவர்களுக்கும்
தொபியாஸ் சொல்லிக்கொண்டிருந்தான்:
'நேரா வந்துச்சு மக்கா. நல்ல புத்தியாத்தான் திரும்புச்சு.
திரும்புனது வலைக்கு மேல.
டார்ச்ச ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுதேன்,
அங்கிட்டுப் போ, அங்கிட்டுப் போன்னு.
இருவத்தாறு பீஸு பருவலை.
கடைசி மிதப்புல லைட்டு கெடக்கும்லா,
அன்னைக்குன்னு பேட்டரி செத்துட்டு.
ரெண்டு நாளாச் சொல்லுதேன் இந்த மச்சான்ட்ட.'
மச்சான் மீனைப் பார்த்தான்.

'என்னைக்கு?' என்றேன்.
சொன்னான்.
'மணி?'
'ரெண்டேகால், ரெண்டரை இருக்கும். ஏன்?'

நூற்றைம்பது மீட்டருக்கு மேல் வலை நீண்டால்
அது கிடக்கும் பக்கம் இன்னொரு வெள்ளை விளக்கு காட்ட வேண்டும்.
விதி எண்ணோடு என் நாக்கில் வந்து நின்றது.
'சும்மாதான்' என்றேன்.
யாரோ டீ கொண்டுவந்தார்கள். குடித்தேன். சீனி அதிகம்.

அந்திக்குக் கோயில் சந்தில் எதிரே வந்தான்.
தோளில் புது நைலான் கட்டு, வட்டிக்கு எடுத்தது.
இரண்டு பேர் கொள்ளாத சந்து.
நேருக்கு நேர் வந்தால் அவரவர் வலப்பக்கம்.
வலம் ஒதுங்கினேன். அவனும் அதே சுவருக்கு வந்தான்.
இடம் போனேன். அங்கேயும் அவன்.
சிரித்துவிட்டான்.
'நில்லுல அப்படியே. அசையாத.
நான் போய்க்கிடுதேன்.'

நின்றேன்.
கட்டிலிருந்து தொங்கிய ஒரு மிதப்பு
சட்டைப் பையில் தட்டிக்கொண்டு போயிற்று.