கடைசி இலக்கம்

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் மேல்
களியக்காவிளை பஸ் போகும்போதெல்லாம்
கீழே எங்கள் அடகுக்கடைத் தராசில்
கடைசி இலக்கம் ஒரு துள்ளு துள்ளும்.
அது அடங்கும்வரை
யாருடைய சங்கிலிக்கும் நான் எடை சொல்வதில்லை.

இனையத்திலிருந்து ததேயுஸ் கொண்டுவந்தது தங்கமல்ல.
பால்பவுடர் டின்னில் நாற்பத்தொரு காசு,
நடுவில் சதுர ஓட்டை.
ஹாய்ஃபோங்கில் கப்பல் பதினோரு நாள் கிடந்தபோது
ஒரு ஜோடி செருப்புக்கு மாற்றினானாம்.
"சீனாக் காசு. ஒண்ணுக்கும் கொள்ளாது.
வேணுமெங்கி எடு."
ஆயிரத்து இருநூறு கொடுத்தேன்,
முதலாளிக்குத் தெரியாமல்.

சீனாக் காசு இல்லை.
அதைச் சொல்ல எனக்கு மூன்று மாதம் ஆனது.
ஷட்டர் பாதி இறங்கியபின்
நகைக்கான லென்ஸில்
வாசிக்கத் தெரியாத எழுத்தை முகம் பார்த்துப் பழகினேன்.
மேல், கீழ், வலம், இடம்:
எதிரே நிற்பவர் சிலுவை போடும்போது
கை போகிற அதே வழி.
வலமும் இடமும் எல்லாக் காசிலும் ஒன்றுதான்,
'செல்லும் செல்வம்'.
மேலும் கீழும் மட்டும்
ஆள் மாறிக்கொண்டே இருக்கும்.

கான்ஹுங் பத்தொன்பது.
மின்மாங் பதினொன்று.
பெயர் தேய்ந்து போனவை எட்டு.
இரண்டு, வெறும் வாஷர்
(ததேயுஸின் சொந்தச் சேர்க்கை).

மிச்சம் ஒன்று. சாம்பல் பூத்து,
விளிம்பில் வெள்ளை மாவு.
வெண்கலத்தை மேசையில் தட்டினால் மறுமொழி வரும்,
இது வாய் திறக்கவில்லை.
ஈயமோ என்று
இன்னும் கொஞ்சம் பலமாய்த் தட்டினேன்.

பிஸ்கட் போல இரண்டானது.

முறிந்த இடத்தில்
நீலம் ஓடிய படிகம் மின்னிற்று.
துத்தநாகம்.
உடைந்தபிறகுதான் தன் பெயரைச் சொன்னது.
துண்டுகளைச் சேர்த்துப் பிடித்தேன்: யாலாங் காலம்.
திருப்பினால் முதுகில் இரண்டே எழுத்து,
ஏழு ஃபன்.
அது விலையல்ல, எடை.
நம் கணக்கில் இரண்டு கிராம் அறுநூற்றைம்பது மில்லி.

இருபது வருடமாய் எடை சொல்லும் எனக்கு
தன் எடையைத் தானே சொல்லும் ஒன்றை
இன்றுதான் கண்டேன்.

இரண்டு துண்டையும் தட்டில் வைத்தேன்.
மேசையில் சிந்திய மாவையும்
விசிட்டிங் கார்டால் கூட்டி அள்ளிப் போட்டேன்.
இரண்டு முந்நூற்றுப் பதினாலு.
பதினேழு. மறுபடி பதினாலு.
மேலே நாகர்கோவில் பஸ்.
குறைந்த மில்லிகளை எங்கே போய்க் கேட்க?
எத்தனை கயிற்றில் உரசியதோ,
எத்தனை விரலில் ஒட்டியதோ,
ததேயுஸின் அடுக்களையில் உப்புக்காற்றடித்த
இரண்டு ஆனி மாதம் எவ்வளவு தின்றதோ.

"வல்லதும் கிட்டிச்சா?"
அடுத்த வாரம் வந்து கேட்டான்.
பிளாஸ்டிக் உறையைக் காட்டினேன்.

யாலாங். ஏழு ஃபன். துத்தநாகம்.
2.314.
முறித்தது: கிறிஸ்டில்டா, மார்த்தாண்டம்.

எல்லாம் மையில்.
கடைசி இலக்கம் மட்டும்
பென்சிலில்.