பன்னிரண்டு சோடிக் கால்கள்

கால் கழுவுவிக்கப் போகும் முன்
கால் கழுவினேன்.

பொச்சுமட்டையால் குதியைத் தேய்த்து,
வெடிப்புக்குள் ஊறிய கறுப்பை
றெஜினாவின் கொண்டையூசியால் கிண்டி,
நகம் வெட்டி,
சந்தனச் சோப்பு இரண்டு தரம்.
"கலியாணத்துக்கும் நீங்கள் இப்பிடிக் குளிக்கேல்லை"
என்றாள் அவள்,
கிணற்றடியில் உடுப்புப் பிழிந்தபடி.

புது வேட்டி. பெரியகடையில் வாங்கியது.
மடிப்புக் கலையாமல் இருக்க
சைக்கிளை விட்டுவிட்டு நடந்தே போனேன்,
ஒழுங்கையில் ஈரம் கண்ட இடமெல்லாம்
கொக்கு மாதிரிக் காலெடுத்து வைத்து.

பாசையூரில் பெரிய வியாழன் பின்னேரம்.
பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு கதிரை.
வந்திருந்த பதினொரு பேரும் ஒரே சாதிக் கால்:
பவுடர் மணக்கும் கணுக்கால்,
அவித்த கிழங்காய் வெளுத்த விரல்.
எமிலியான் மூப்பர் நகத்துக்கு
எண்ணெய்கூடப் பூசியிருந்தார்.

பன்னிரண்டாவது கதிரை நீக்கிலாப்பிள்ளைக்கு.
அவருக்குக் காய்ச்சல்.
சங்கிலித்தாம் வெளியே ஓடி
மதிலோரம் போய்க்கொண்டிருந்த மடுத்தீனைக்
கையோடு இழுத்து வந்து இருத்தினார்.
கடலால் அப்போதுதான் ஏறிய கால்.
முழங்கால் மட்டும் பரவைக்கடற் சேறு,
பெருவிரலில் பாசி,
நண்டு கடித்த இடத்தில் பழஞ்சீலைத் துண்டு.

பெண்கள் பக்கம் யாரோ சிரித்தது கேட்டது.
நான் என் வேட்டியைக்
கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டேன்.

சுவாமி ஒவ்வொரு கதிரைக்கும் முழந்தாளிட்டு வந்தார்.
என் காலில் விழுந்த செம்புத் தண்ணீர்
விழுந்தபடியே பேசினில் தெளிந்து கிடந்தது,
அடியில் எனாமல் பூ தெரிய.
துடைக்க ஒன்றுமில்லாத இடத்தைத்
துவாய் துடைத்தது.
முத்தமிடக் குனிந்தவர் மெல்லச் சொன்னார்:
"நல்ல வாசம்."
எனக்குக் காது சுட்டது.

மடுத்தீனுக்கு ஒரு செம்பு போதவில்லை.
இரண்டாவது. மூன்றாவது.
பேசின் கலங்கிக் கலங்கிப்
பூ மறைந்தது.
சுவாமியின் வெள்ளை அங்கியில் சேறு தெறித்தது.
அந்தப் பின்னேரம் முழுக்கத்
தண்ணீருக்கு வேலை கிடைத்தது
அங்கே மட்டும்தான்.

மச்சானுக்கு ஜேர்மனிக்கு அனுப்பப் படம் எடுத்தார்கள்.
அதில் என் கால் நல்ல துப்புரவு.
றெஜினா சட்டம் போட்டு விறாந்தையில் மாட்டினாள்.

இனிச் சொல்லத்தான் வேண்டும்.

அந்த வருடம் தை மாதம், நிலவில்லாத ஓரிரவு,
மடுத்தீனின் மிதப்பு என்று தெரிந்துகொண்டே
வலையை இழுத்தேன்.
ஒன்பது கிலோ நண்டு.
சிக்கி வர மறுத்த இடத்தைக்
கத்தியால் அறுத்தேன்.
விடியக் கம்பனி லொறிக்குக் கொடுத்தேன்.
பெரியகடை வேட்டி அந்தக் காசு.
அவன் கரையில் கிழிசலை விரித்து வைத்துப் பேசாமல் நின்றபோது,
"ஆமை கிழிச்சிருக்கும்" என்று
தோளில் கை போட்டவனும் நான்தான்.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சொன்னேன்தான்.
"சில்லறைக் களவு, சுவாமி."
மூன்று அருள்நிறை மந்திரம் தந்தார்.
செபமாலையில் ஒரு விரல் நீளம்.
எழும்பி வரும்போது
முழங்கால் தூசியை நன்றாகத் தட்டிவிட்டேன்.

பொச்சுமட்டை எட்டாத இடம் ஒன்று இருக்கிறது.
சோப்பு மணக்க மணக்க
அது உள்ளே நொதிக்கும்.

இந்த வருடமும் பட்டியலில் என் பேர்.
முதலில் நினைத்தேன்,
இம்முறை சேற்றுக் காலோடு போய் இருப்பமா என்று.
பிறகு விளங்கியது:
வேண்டுமென்று பூசிக்கொண்ட சேறும்
இன்னொரு பவுடர்.

இன்று புதன் இரவு.
றெஜினா புதுச் சோப்பைக் கடதாசி கழற்றாமல்
கிணற்றுக்கட்டில் வைத்திருக்கிறாள்.
நான் சட்டைப்பையில் காசை எண்ணி வைத்துக்கொண்டு
படலையைத் திறக்கிறேன்.
கடல் வற்று. சேறு கணுக்கால் மட்டும் ஏறுகிறது.
வாடியில், விளக்கடியில்,
மடுத்தீன் வலை பொத்துகிறான்.
தலை நிமிரவில்லை.

ஒன்பது கிலோ நண்டு. ஒரு கத்தி. ஓர் ஆமை.
எதை முன்னால் சொல்வது?

காசு இலேசு. நீட்டினால் முடிந்தது.
கத்தியைக்கூட ஒரு மாதிரிச் சொல்லிவிடலாம்.

"மடுத்தீன்" என்று கூப்பிடுகிறேன்.

ஆமையிலிருந்துதான்
தொடங்கவேண்டும்.