நாற்காலிகளுக்கு மட்டும்

ஓடை வீட்டுக்குள் ஏறிய செய்தி
பிஷ்கெக்கில், நான் ஒரு கடைவாய்ப் பல்லை
அசைத்துக்கொண்டிருந்தபோது வந்தது.
பாதியில் இடுக்கியைக் கீழே வைக்க முடியாது.
அவர் வாயைத் திறந்தபடி,
நான் வாயை மூடியபடி,
வேர் வரும்வரை காத்திருந்தோம்.

கென்டக்கியில் இரண்டு மலை,
நடுவே ஓடை, ஓடையை ஒட்டிச் சாலை,
சாலையை ஒட்டி வெர்னா ஸ்டிட்ஹமின் வீடு.
பதினாறு வயதில் இரண்டு பெட்டியோடு போய் இறங்கினேன்.
கிர்கிஸ்தான் எங்கே இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை.
முட்டை எத்தனை என்றாள்.

எனக்கு முன்பும் பின்பும் வந்த நால்வர்
அதே அறையில், அதே மெத்தையின்
அதே பள்ளத்தில் படுத்தவர்கள்.
ஒருவரை ஒருவர் நேரில் கண்டதில்லை.
ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பார்கள்;
நாங்கள் ஒரு பள்ளத்துப் பிள்ளைகள்.
மெத்தை இப்போது மூன்று மைல் தள்ளி
ஒரு பாலத்தின் காலில் சுற்றிக் கிடக்கிறதாம்.

திரையில் கூடினோம். ஓட்டாருக்கு இரவு,
ஜுசாராவுக்கு மதியம்,
பின்னால் ஒரு குழந்தை கரண்டியால் எதையோ அடித்தபடி.
ஸீவர்ட் சொன்னான்: உறைந்த கடலில் இறங்கி நிற்கிறேன்,
நிமிடத்துக்கு இவ்வளவு என்று ஊரார் கட்டட்டும்.
ஓட்டார் அக்ரூட் விற்பதாகச் சொன்னான்.
என்னிடம் பற்கள்தான்:
ஞாயிறுதோறும் சுத்தம் செய்து தருவேன்,
கூலி உண்டியலுக்கு.

எஃபுவா கடைசியில் பேசினாள். அக்ராவில் மின்சாரம் இல்லை;
குரல் மட்டும், கறுப்புச் சதுரத்திலிருந்து.
"அந்த ஊருக்கா?
ஓர் ஆண்டு முழுவதும் பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில்
என் எதிர் நாற்காலி காலியாகவே இருந்தது.
என் பக்கத்து நாற்காலியை
தினம் ஒருவன் வந்து இழுத்துப் போவான்,
வேறு மேசைக்கு.
வெர்னாவுக்கு என்றால் தருகிறேன். ஊருக்குத் தர மாட்டேன்."

யாரும் பேசவில்லை.
ஜுசாராவின் குழந்தை கரண்டியை நிறுத்தவில்லை.
எனக்கு வெட்கம்: அதே கூடத்தில் நான்
இடம் போதாமல் மடியில் தட்டு வைத்துத் தின்றிருக்கிறேன்.

வெர்னாவை அழைத்தோம். அக்காள் வீட்டில் இருந்தாள்.
காசா, என்றாள், பிள்ளைகளிடமா,
எனக்கு ஒரு செம்புக்காசு வேண்டாம்.
கேட்டுக் கேட்டு, நான்காம் முறை,
சேறு தொண்டையில் சிக்கியதுபோல் இருமிவிட்டுச் சொன்னாள்:
"பள்ளிச் சாப்பாட்டுக்கூடம் போய்விட்டது.
வீட்டில் அடுப்பில்லாத பிள்ளைகள்
அங்கேதான் தின்ன வேண்டும்."

கூடம்.
எஃபுவா கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது
சதுரத்தின் மூலையிலிருந்த பச்சைப் புள்ளியால் தெரிந்தது.
பிறகு அதுவும் இல்லை.

ஸீவர்ட் பதினோரு நிமிடம் நின்றான்.
அக்ரூட் மூட்டையில் பாதி சொத்தை; ஓட்டார் பிரித்துப் பிரித்து விற்றான்.
என் ஞாயிறுகளில் ஒரு கிழவர்
பல்லே இல்லாமல் வந்து, ஈறைக் காட்டி,
முழுக் காசும் வைத்துப் போனார்.
வங்கி தன் பங்கைக் கடித்துக்கொண்டு
மிச்சத்தைத் துப்பியது.

அனுப்புவதற்கு முந்தைய நாள்
அக்ராவிலிருந்து எண்பது டாலர் வந்தது.
குறிப்பு எழுதும் இடத்தில் இரண்டே சொல்:
நாற்காலிகளுக்கு மட்டும்.

நாங்கள் அதை மொத்தத்தில் கலக்கவில்லை.
தனி உறைபோலத் தனி வரியாகவே எழுதினோம்.
வெர்னா படித்தாளா, புரிந்ததா, தெரியாது.
அவள் எதையும் உரக்கப் புரிந்துகொள்பவள் அல்ல.

மார்ச்சில் ஒரு படம் வந்தது.
கழுவிய தரை, சுவரில் இடுப்புயரத்துக்குச் சேற்றுக் கோடு,
அதை மறைக்காமலே விட்டிருந்தார்கள்.
நீல நாற்காலிகள்; ஐந்தோ ஆறோ அவள் காசு.
எவை என்று சொல்ல வழியில்லை.

ஓட்டார் இதயக்குறி போட்டான்.
ஜுசாரா அழுவதாக எழுதினாள்.
எஃபுவா நெடுநேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப்
பார்த்திருக்க வேண்டும்.
பிறகு எழுதினாள்:
"இன்னும் யாரும் உட்காரவில்லை.
உட்கார்ந்ததும் இன்னொரு படம் அனுப்பச் சொல்."