ஏழு விநாடி

நான் படிக்கும் கல்லூரிக்கு வாயிற்கதவு கிடையாது.
கிரிம்ஸ்பியில் ஒரு பள்ளிக்கூடம்,
கணக்குத் துறையின் பின்னறை,
கெட்டிலுக்கும் ஜெராக்ஸ் இயந்திரத்துக்கும் நடுவே
ஒரு நாற்காலி.
திங்கள் முதல் வியாழன் வரை வகுப்பு.
வெள்ளி மட்டும் பாலம் தாண்டி ஹல் நகரம்,
அங்கே கோட்பாடு, பிஸ்கட்,
என்னைப்போலவே தூங்காத பதினோரு பேர்.

கழுத்தில் எனக்கு மஞ்சள் பட்டை.
மற்ற ஆசிரியர்களுக்கு நீலம்.
பிள்ளைகளுக்கா நிறம் தெரியாது?
"நீங்க நிஜ மிஸ்ஸா?"
முதல் வாரமே கேட்டுவிட்டான் டெய்ன்.
"ஜூனில் தெரியும்" என்றேன்.
"எனக்கும்தான்" என்றான்.
அவனுக்கு எதில் தெரியுமோ.

எனக்கு நாற்பத்தொன்று.
என்னை மதிப்பிடும் இமோஜன் ஸ்டாமர்ஸுக்கு
இருபத்தாறு.
சைக்கிளில் வருவாள்,
தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல்
என் பாடக்குறிப்பில் பாதியை அடிப்பாள்.
"இது உங்களுக்குப் பிடித்த கணக்கு.
அவங்களுக்கு வேண்டிய கணக்கு எங்கே?"
கோபம் வரும்.
தேநீர் ஆறுவதற்குள் போய்விடும்.

இதற்கு முன் பதினாறு ஆண்டு
கார் காப்பீட்டு அழைப்பு மையம்.
அங்கே மௌனம் ஒரு குற்றம்.
நான்கு விநாடி யாரும் பேசாவிட்டால்
திரையின் ஓரம் ஆரஞ்சாகும்;
ஆறானால் மேற்பார்வையாளர் எழுந்து நிற்பார்.
வண்டி நொறுங்கி அழுகிறவரிடமும்
ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கப் பழகினேன்:
"புரிகிறது", "இதோ பார்க்கிறேன்",
"லைனிலேயே இருங்கள்".
சம்பளம் அதற்குத்தான்.

அந்த வாயோடுதான் வகுப்புக்குள் வந்தேன்.
அக்டோபரில் இமோஜன் நீட்டிய தாளில்:
"இந்த ஒரு மணி நேரத்தில்
இருபத்திரண்டு கேள்வி கேட்டீர்கள்.
பத்தொன்பதுக்குப் பதில் சொன்னது நீங்கள்.
நல்ல மாணவி."
கீழே சிறிய எழுத்தில்:
"கேட்டபின் காத்திருங்கள்."

காத்திருப்பதாவது!
கடைசி வரிசையில் ஒருவன்
பசையை விட்டத்துக்கு எறிகிறான்.
ரூட்டா பேனா மூடியைத்
திறந்து மூடுகிறாள், திறந்து மூடுகிறாள்.
ஜன்னல் விளிம்பில் ஒரு கடற்பறவை
எங்களை மீனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறது.

நவம்பர், செவ்வாய், மூன்றாம் பீரியட்.
பலகையில் மூன்று.
"இதிலிருந்து மைனஸ் ஐந்தைக் கழித்தால்?"

ஒன்று.
இரண்டு.
ரேடியேட்டர் முனகுகிறது.
மூன்று.
யாரோ செருமுகிறார்கள்,
வெறும் செருமல்தான்.
நான்கு.
என் மண்டைக்குள் ஆரஞ்சு.
"கடன்னு வச்சுக்கோங்க, அந்தக் கடனையே எடுத்துட்டா..."
நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.
பல்லால் பிடித்துக்கொண்டேன்.
ஐந்து.
அறை பெரிதாகிறது.
ஆறு.
டெய்னின் உதடு அசைகிறது,
விரல் மேசையில் இடமும் வலமும் தாவுகிறது.
ஏழு.
"மைனஸ் ரெண்டு... இல்ல.
இருங்க மிஸ். சொல்லாதீங்க."

சொல்லாதீங்க.
பதினாறு ஆண்டில் யாரும்
என்னிடம் கேட்காத ஒன்று.

மணி அடித்துவிட்டது.
பதில் வரவில்லை.
புத்தகப்பை, நாற்காலிச் சத்தம்,
பலகையில் கேள்வி அப்படியே.

மதியம் சாப்பாட்டுக்கூட வரிசையில்
எனக்கு முப்பதடி தள்ளி,
வாய் நிறைய உருளைக்கிழங்கோடு
ஒருவன் கத்தினான்:
"எட்டு!"
பாத்திரம் கழுவும் பிரெண்டா திரும்பிப் பார்த்தார்.
"தட்டா, கரண்டியா?"

மாலை இமோஜனின் தாள் மேசைமேல் கிடந்தது.
பெரும்பாலும் குறைகள்தான்:
கையெழுத்து சாய்கிறது,
வீட்டுப்பாடம் சொல்ல மறந்தீர்கள்,
விட்டத்தில் பசை.
கடைசிக் கட்டத்தில் பென்சிலால்:
"ஏழு. நானும் எண்ணினேன்.
அடுத்த முறை மூச்சு விடுங்கள்."

அதைச் சான்றுக் கோப்பில் சேர்க்கவேண்டும்.
தகுதிகள் எட்டு,
எட்டுக்கும் தனித்தனிப் பிரிவு, வண்ணத் தாள்.
இது எதன்கீழ் வருமென்று தெரியவில்லை.
இப்போதைக்கு
மதியச் சாப்பாட்டு டப்பாவில் இருக்கிறது.
கொஞ்சம் ஊறுகாய் வாசனை.