உட்பக்கம்

கிழமை நாட்களில் ஹட்டன் பஸ் நிலையத்தில்
நேரம் பார்ப்பவன் நான்.
ஒரே சிவப்பில் இரண்டு பஸ் நின்றால்
பெயர்ப்பலகையைப் பார்ப்பேன், ஊதுவேன்,
ஒன்று போகும்.
ஞாயிற்றுக்கிழமையும் அதே விசில்தான்,
கறுப்புச் சட்டை மட்டும் கூடுதல்.

மஸ்கெலியாவுக்கு மேலே, பழைய ஃபெக்டரிக்குப் பின்னால்
ஒரு கோல் மற்றதைவிட நாலடி தாழ்ந்த மைதானம்.
வட்டமலையும் ஸ்டோன்வேல் மேல்பிரிவும்
இரண்டு லொறியில் வந்து இறங்கின.
எல்லோரும் பச்சை.

ஒரே பச்சை, ஒரே தையல்,
ஒவ்வொரு நெஞ்சிலும் அதே தலைவர், அதே கும்பிடு.
தேர்தலுக்கு முன்னால் கிடைத்த இரண்டு பொதி.
இந்த இரண்டு தோட்டமும் ஒருநாள்
எதிரெதிரே நிற்கக்கூடும் என்று
கொடுத்தவருக்குத் தோன்றவில்லை போலும்.

சட்டம் எனக்கு மனப்பாடம்.
அணிக்கு அணி நிறம் வேறுபட வேண்டும்,
நடுவரிடமிருந்தும் வேறுபட வேண்டும்,
கோல்காவலர் எல்லோரிடமிருந்தும்.
(காவலர்களால் கஷ்டமில்லை. ஒருவன் பள்ளிக்கூட மெரூன்,
மற்றவன் வேலைபார்த்த கொழும்புக் கடையின்
பெயர் போட்ட மஞ்சள் டீசேட்.)
மாற்று உடை உண்டா என்று கேட்டேன்.
ஸ்டோன்வேல் கப்டன் லோகசீலன்
தோளில் கிடந்த துவாயை எடுத்துக் காட்டினான்.

வெறும் உடம்போடு ஆடுகிறோம் என்றது வட்டமலை.
சட்டைக்குக் கை வேண்டும் என்கிறது சட்டம்,
சட்டையே வேண்டும் என்கிறது டிசம்பர்.
கொழுந்துச் சாக்கில் ஓட்டை போடலாம் என்றார்
வேடிக்கை பார்க்க வந்த ஒருவர்,
கங்காணியிடம் யார் பதில் சொல்வது என்றார் அவரே.
அப்போதுதான் டெஸ்மன், வட்டமலை மூன்றாம் நம்பர்,
மூக்கைத் துடைக்கச் சட்டை நுனியைத் தூக்கினான்.

உள்ளே வெள்ளை.

சாயம் மறுபக்கம் ஊறாத மலிவுத் துணி.

நம் நாணயத்தில் தலை கிடையாது.
இலக்கமா, சின்னமா? சுண்டினேன்.
வட்டமலை தோற்றது.
பதினொருவரில் பத்துப் பேர் வேலியோரம் திரும்பி நின்று
சட்டையைப் புரட்டிப் போட்டார்கள்.

பொதி கொடுத்தவரின் ஆள் குடையோடு ஓடிவந்தார்:
“தலைவரை உள்ள போட்டு மறைக்கிறீங்களா?”
“மறைக்கல்ல சேர்” என்றான் டெஸ்மன்,
“நெஞ்சோட ஒட்டி வச்சிருக்கோம்.”
நடுவர் சிரிக்கக்கூடாது.
குனிந்து, நன்றாக இருந்த சப்பாத்து லேஸை
அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன்.

முப்பத்தோராம் நிமிடம் மழை.

நனைய நனைய வெள்ளை இளகியது.
பச்சை உள்ளிருந்து மெல்ல ஏறியது,
பிறகு மீசை, பிறகு சால்வை,
வலத்தோளில் கிடந்தது இடத்தோளில்.
கும்பிடு மட்டும்
எந்தப் பக்கம் புரட்டினாலும் கும்பிடு.

அதற்கு மேல் பனியும் இறங்கிவிட்டது.
முதுகில் இலக்கம் தெரியவில்லை,
பந்து கேட்கிற குரலில் பெயர் கேட்டது,
பெயரை வைத்துத் தோட்டத்தைக் கண்டுபிடித்தேன்.
டெஸ்மனுக்கு அந்தப் பழக்கம் இல்லை.
தலையைத் தூக்கினான், ஒரு பச்சையைக் கண்டான்,
அளந்து கொடுத்தான்.
வாங்கியவன் லோகசீலன்.
“தேங்ஸ் மச்சான்” என்று சொல்லிவிட்டுத்தான் அடித்தான்.

வட்டமலை முழுவதும் என்னைச் சூழ்ந்தது.
நிறத்தைப் பார்த்து ஏமாந்தவனுக்கு
ஃப்ரீகிக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை.
கோல் கோல்தான் என்றேன்.
சொல்லும்போது
என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

இரவு அறிக்கை எழுதினேன்.
உடை முரண்பாடு: ஆம்.
எடுத்த நடவடிக்கை: ஒரு அணி சட்டையைப் புரட்டிப் போட்டது.
பலன்: முப்பத்தொரு நிமிடம்.

போன கிழமை வட்டமலைக்குப் புதுப் பொதி வந்ததாம்,
டெஸ்மன் பஸ் ஏற வந்தபோது சொன்னான்.
நல்ல தடித்த துணியாம். அதே பச்சை.
தலைவர் இரண்டு பக்கமும்.