மறைப்பு உறை

தாளின் உச்சியில் ஒரு சலுகை இருந்தது:
ஒரே ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும்,
கவர்னரிலிருந்து வடிகால் ஆணையர் வரை
மிச்சத்தைக் கட்சி பார்த்துக்கொள்ளும்.
அய்லி அதைத்தான் செய்வாள். நாலு நொடி.
எனக்கு இருபத்திரண்டு நிமிடம்.

தீயணைப்பு வண்டியை வெளியே பனியில் நிறுத்திவிட்டு
அது நின்ற இடத்தில் அட்டைத் தடுப்புகள் வைத்திருந்தார்கள்.
தரையில் எண்ணெய்க் கறை,
எல்லார் பூட்ஸிலிருந்தும் உருகிய தண்ணீர்.
கவர்னருக்கு ஒரு கட்சி.
மாநில செனட்டருக்கு மற்றது.
இரண்டுக்கும் நடுவில் பேனா அந்தரத்தில் நின்றது,
பரீட்சையில் பக்கத்துப் பையன் தாளைத் தேடுகிற மாதிரி.
பக்கத்தில் அட்டைதான் இருந்தது.

நான் புரொப்பேன் லாரி ஓட்டுகிறவன்.
ஏரிக்கரை முழுக்க எல்லார் வீட்டுப் பின்பக்கமும் தெரியும்.
கொடியும் பலகையும் முன்பக்கத்து விவகாரம்;
பின்னால் போனால் ஒரு தொட்டி, ஒரு முள்,
முள் காட்டுகிற பன்னிரண்டு சதவீதம்.
ரெய்னோ லாம்பி வீட்டு முற்றத்தில்
எனக்கு ஆகாத முகம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது.
போன ஜனவரி என் லாரி பள்ளத்தில் சரிந்த ராத்திரி
பைஜாமாவோடு டிராக்டரில் வந்தவன் அவன்தான்.

அதனால்தான் பிரித்துப் போட்டேன் என்று சொன்னால்
கேட்க நன்றாக இருக்கும்.
உண்மை அதுவல்ல.
கவர்னர் அம்மாள் நாற்பத்தொன்றாம் சாலையை
கடைசியில் ஒருவழியாகப் போட்டுக் கொடுத்தாள்.
செனட்டர், அண்ணனின் உதவித்தொகைக் கடிதத்துக்கு
மூன்றே வாரத்தில் பதில் போட்டார்,
கையெழுத்து மையில், அச்சில் அல்ல.
அவ்வளவுதான்.
மற்ற விஷயங்களில் அவர் பேசினதையெல்லாம்
ரேடியோவைத் திருகிவிட்டுக் கேட்காமல் இருந்தேன்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

நிரப்பிய தாளை யார் கண்ணிலும் படாமல்
கொண்டுபோக ஓர் உறை தந்தார்கள்.
எந்திரம் தாளை விழுங்கி 387 என்றது.
வாசலில் இருந்த பெண் உறையைத் திருப்பி வாங்கிக்கொண்டு
ஸ்டிக்கர் ஒட்டிவிட்டாள்.

இரவு பத்தரைக்குக் கவர்னர் மேடையேறினாள்:
மக்கள் பேசிவிட்டார்கள்.
விடிகாலை இரண்டுக்கு செனட்டர்:
மக்கள் பேசிவிட்டார்கள்,
அந்த அம்மாளின் ஒரு மசோதாவும் என்னைத் தாண்டாது.
இரண்டு பேருக்கும் பின்னால் பலூன் விழுந்தது.
என்னை மக்கள் என்றார்கள், சரி;
என்ன பேசினேன் என்றுதான் விளங்கவில்லை.

அவளுக்கு லட்சக்கணக்கில் வித்தியாசம்.
நான் போகாமல் தூங்கியிருந்தாலும் வென்றிருப்பாள்.
அவருக்கு முப்பத்தொன்பது ஓட்டு.
நான் முழுமனதாய் விரும்பியவளுக்கு நான் தேவையில்லை.
பாதி மனதாய்ப் போட்டவர்
என் பாதி மனதில் ஏறி நிற்கிறார்.

அய்லி தட்டைக் கழுவினபடி சொன்னாள்,
"யாரோ முப்பத்தொன்பது முட்டாள்கள்."
நான் துடைத்துக்கொண்டிருந்தேன்.
காய்ந்த தட்டையே மறுபடி துடைத்தேன்.
"உன்னைத்தான் கேட்கணும், மதில்மேல் பூனை,
நீ எந்தப் பக்கம் குதித்தாய்?"
பூனைக்கு நாலு கால் என்ற பதில்
மறுநாள் லாரியில்தான் வந்தது.
அப்போது ஒரு முள்ளைத் தவிர
கேட்க யாருமில்லை.

ரெய்னோ வெளியே வந்தான். அவன் ஆளும் தோற்றிருந்தான்,
பலகையைப் பிடுங்க மனமில்லாமல் குப்புறச் சாய்த்திருந்தான்.
என் சட்டையில் ஸ்டிக்கர் இன்னும் இருந்தது.
"நீயாவது சந்தோஷமா?" என்றான்.
தொட்டியில் வாயு இறங்குகிற சத்தத்தில்
கேட்காதவன் போல
மீட்டரைப் பார்த்தேன்.
எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.
அந்த உறையை வீட்டுக்குக் கொண்டுபோக
விட்டிருக்கலாம்.